சிலாபக் கரையும் இபுன் பதூதாவின் கடற்பயணமும்

சிலாபத்தின் பழைமையை எடுத்துரைக்கப் புகுவோர் பெரும்பாலும் முன்னேசுவரத்தோடு தொடங்குவர். அதனோடே முடித்தும் விடுவர். ஆறாம் பராக்கிரமபாகு அத்திருக்கோயிலுக்கு அளித்த தானத்தைக் கூறும் சாசனமும், 1578 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தமையும், கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்தில் அது மீண்டும் எழுந்தமையும் நம் மாணவர் அறிந்தனவே. ஆயின், அச்சாசனம் பொறிக்கப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இக்கரையைக் கண்ட அயல்நாட்டார் ஒருவர், தம் நூலில் இவ்வூரின் பெயரையும் குறித்துச் சென்றனர் என்பதைப் பலர் கருத்திற் கொள்வதில்லை. அவர் மொறோக்கோ நாட்டுத் தாஞ்சியரில் 1304 ஆம் ஆண்டிற் பிறந்த இபுன் பதூதா ஆவர். அவர் குறித்த பெயர் 'பந்தர் சலாவாத்து' என்பது.

பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பதிற்றுப்பத்திலே முத்துக்குப் பெயர்பெற்ற பந்தர் என்னும் ஊர் வருதலைக் கண்டு இரண்டனையும் இணைப்பாரும் உளர்; அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. சலாவாத்து என்பது சிலாபமே என்பதில் ஐயமில்லை. இன்று அலாவத்தை என வழங்கும் சிங்களப் பெயர் பழைய சிங்கள நூல்களிற் சலாவத்த என்றே காணப்படும். முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் தமிழ்ச்சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கொள்கை. மன்னார்ப் பகுதியிலுள்ள சிலாவத்துறை என்னும் பெயரும் அதற்கு அரண் செய்யும்.

இப்பெயர் அந்நூலில் வந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள். அதனைப் படிப்போர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். இபுன் பதூதா என்றதும் கையிற் கோலோடு தனியே நடக்கும் யாத்திரிகர் ஒருவர் நம் மனக்கண்முன் தோன்றுவர். பாடநூல்களிலுள்ள படங்களும் அவ்வாறே அவரைக் காட்டுகின்றன. உண்மை அஃதன்று. அவர் கடலிற் சென்றது ஒரு குடும்பத்தோடு. இன்றைய பொருளிற் குடும்பம் என்று சொல்ல இயலாதாயினும், தோழர், அடிமைகள், பெண்கள், பெட்டி பேழைகள் யாவும் அடங்கிய ஒரு வீடே கப்பலேறி அவருடன் சென்றது எனலாம். மாலைதீவில் அவர் காதியாராகப் பதவி வகித்தார். அங்கே மணம் புரிந்தார். அமைச்சரோடு பிணங்கி, மணந்த பெண்களை அத்தீவுகளிலேயே விட்டுப் புறப்பட்டார். அவர் கப்பலேறியது 1344 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தை ஒட்டிய காலம். கருதிய இடம் சோழமண்டலக் கரை. அதனை அராபியர் மாபார் என்பர். அந்நாளில் மதுரையிலிருந்து அக்கரையை ஆண்ட சுல்தான் கியாசுதீன் தமகானி. அவன் மனைவியும், தில்லியில் இபுன் பதூதா மணந்திருந்த பெண்ணும் உடன்பிறந்த சகோதரிகள். ஆகவே இப்பயணத்தை உறவினர் வீட்டுக்குச் செல்லும் பயணம் என்றாலும் பொருந்தும்.

மூன்று நாளில் முடிய வேண்டிய பயணம் ஒன்பது நாள் நீண்டது. கப்பலிலே தேர்ந்த மாலுமி இல்லை என்று அவர் குறைப்படுகின்றார். தென்மேல் பருவக்காற்று இன்னும் அடங்காத காலம் அது. வழி தப்பிய மரக்கலத்தை அக்காற்று கிழக்கே தள்ளுதல் இயல்பே. ஒன்பதாம் நாள் சிவனொளிபாதமலை வானளாவிய புகைத்தூண்போலத் தோன்றிற்று. கரையை அணுகியபோது மாலுமிகள் துறைபிடிக்க அஞ்சினர். அத்துறை, வணிகர் அச்சமின்றிப் புகத்தக்க மன்னனுடையதன்று. கொடியவனும் கடற்கொள்ளைக்கு மரக்கலங்கள் அனுப்புபவனுமாகிய ஆரியச்சக்கரவர்த்தியினுடையது என்பது அவர்கள் சொன்ன காரணம். காற்றோ வலுத்துக்கொண்டே வந்தது. கடலில் நின்றாற் கப்பல் அமிழும். அப்போது இபுன் பதூதா, தம்மை மட்டும் கரையில் இறக்கிவிடுமாறும், கப்பலுக்கு அபயம் பெற்றுத் தருவதாகவும் நாகுதாவிடம் கூறி இறங்கினார். கரைக்கு வந்தோரிடம் தாம் மாபார்ச் சுல்தானின் மைத்துனர் எனவும், கப்பலிலுள்ள பொருள் அவனுக்குரிய காணிக்கை எனவும் சொன்னார். முதற்கூற்று உண்மை. இரண்டாவது, கப்பலையும் அதிலுள்ள தம்மவரையும் காக்கச் சமயத்திற் கைகொடுத்த சொல் என்றே தோன்றுகின்றது.

இவ்வச்சத்தின் வேரை அறியாதார்க்கு இந்நிகழ்ச்சி வெறுங் கதையாகவே படும். கரையில் ஒதுங்கிய கப்பலும் அதன் சரக்கும் அந்நிலத்து அரசனுக்கே உரியன என்பது பல கரைகளில் நிலவிய வழக்கு. மலையாளக் கரையில், கோழிக்கோடு நீங்கலாக, உடைந்த கப்பலின் பொருளை அரசு எடுத்துக்கொள்ளும் என்று இபுன் பதூதாவே பிறிதோரிடத்துக் கூறுகின்றார். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியிற் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட சாசனம், முன்னை அரசர் அவ்வாறு கவர்ந்தமையைக் குறித்து, இனி வரி மட்டுமே கொள்ளப்படும் என்று கடல்வணிகருக்கு அபயம் அளிக்கின்றது. நம் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு அதனினும் முந்தியது; முதலாம் பராக்கிரமபாகுவினது எனக் கொள்ளப்படுவது. அது ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் பரதேசிகளைக் காத்தல் வேண்டும் என்கின்றது. யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதியும் பண்டாரத்துக்கு என விதித்து, எஞ்சியதை உடையவருக்கே விடுகின்றது. ஆகவே, கரையில் இறங்கி அபயம் கேட்டவர், இக்கடலோரம் அறிந்திருந்த ஒரு முறையையே நாடினார். அம்முறை இவ்வரசனிடம் செல்லுபடியாகுமா என்பதே மாலுமிகளின் ஐயம்.

அது செல்லுபடியாயிற்று. மன்னன் அவரைப் பத்தாலாவுக்கு, அஃதாவது புத்தளத்துக்கு, அழைத்தான். மரத்தாலான மதிலும் மரக்கொத்தளங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகர் என்று அதனை அவர் வருணிக்கின்றார். கரையெங்கும் ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவாமரங்கள் குன்றெனக் குவிந்து கிடந்தனவாம். மாபாரிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி எடுத்துச் செல்வர். ஆயினும் அரசனுக்குத் துணி முதலியன கொடுப்பர். குன்றென்பது சற்று மிகையாகலாம். ஆனால் இலவசம் என்ற பெயரில் நடந்த பண்டமாற்று நம் கவனத்துக்குரியது. மாபாரிலிருந்து இத்தீவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கடலிற் சென்றாற் போதும் என்று அவர் எழுதுவதும் காண்க.

மன்னன் எழுந்து வரவேற்றுத் தன் பக்கத்தில் இருத்தினான். கப்பலில் உள்ளோர் அச்சமின்றி இறங்கலாம், புறப்படும்வரை அவர்கள் தன் விருந்தினர் என்றான். அவனுக்குப் பாரசீகம் விளங்கிற்று. ஒருநாள் அவன் முன்னே முத்துக்களைக் குவித்து அலுவலர் தரம்பிரித்துக்கொண்டிருந்தனர். வேறு நாடுகளில் இத்தகைய முத்துண்டோ என மன்னன் வினவ, பாரசீகக் குடாவிலுள்ள கைசுத் தீவின் முத்து இதற்கு ஈடாகாது என்றார் விருந்தினர். மகிழ்ந்த மன்னன் அம்முத்துக்களை அவருக்கே கொடுத்தான்.

ஈண்டு வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. புத்தளத்தை மன்னனின் தலைநகர் என்று இபுன் பதூதா கூறுவதால் இடர்ப்பட்ட அறிஞர் சிலர், யாழ்ப்பாணத்தில் ஆட்சி புரிந்த ஆரியச்சக்கரவர்த்தி முத்துக்குளிப்புக் காலத்தில் அங்கு வந்து தங்கியிருந்தான் என விளக்குவர். அது முற்றும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. இக்கடலிற் சலாபம் நடப்பது மாசி, பங்குனி மாதங்களை ஒட்டி, கடல் அமைதியுறும் காலத்திலே. இபுன் பதூதா வந்ததோ தென்மேல் பருவக்காற்றின் கடைக்கூறு. குளிப்பு முடிந்து, சிப்பி அழுகவிட்டுக் கழுவி, முத்தெடுத்துப் பல மாதம் சென்றபின்னும் மன்னன் புத்தளத்திலேயே இருந்தனன் என்றால், அவனை அங்கே நிறுத்திய காரணம் முத்து மட்டும் அன்று. கறுவாவும் தென்னெல்லைக் காவலும் அதற்குக் காரணமாகலாம். தென்னெல்லையைப் பற்றி அடுத்த பகுதி பேசும்.

இபுன் பதூதா வேண்டியது பாதமலைத் தரிசனம். மன்னன் ஒரு பல்லக்கும், அதனைச் சுமக்கத் தன் ஆட்களும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் உடன் அனுப்பினான். தாம் திரும்பும்வரை காத்திராது மாபாருக்குப் போகலாம் என்று நாகுதாவிடம் சொன்னபோது, ஓராண்டாயினும் காத்திருப்பேன் என்றான் அவன். இபுறாகீம் என்பது அவன் பெயர். துறையிற் புக நடுங்கியவர்களின் தலைவன் இப்போது ஓராண்டு தங்கவும் இசைந்தான்! மன்னனைப் பற்றிய மாலுமிகளின் பழிச்சொல்லுக்கு இதனிலும் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை.

முதல்நாள் மூங்கில் தெப்பத்தில் ஓர் ஆற்றைக் கடந்தனர். பின் மனார் மந்தலி என்னும் ஊர். அது மன்னனின் ஆட்சிப்புலத்தின் கடையெல்லை என்று தெளிவாகச் சொல்லப்படுகின்றது. அவ்வூரார் எருமைக்கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால் எனக் குறைவின்றி விருந்தளித்தனர். அதன்பின்னரே பந்தர் சலாவாத்து. அது சிறிய ஊர் என்பதோடு அவர் பேச்சு நின்றுவிடும். அப்பால் நீரோடைகள் மலிந்த கரடுமுரடான நிலமும், யானைக்காடும், குனக்கார் என்னும் உள்நாட்டு அரசிருக்கையும் வருகின்றன. குனக்காரைக் குருநாகல் என்பாரும், வேறு ஊர்களைக் கூறுவாரும் உளர்.

மனார் மந்தலியை இன்றைய முந்தலோடு இணைத்தல் பெயராலும் வழியின் ஒழுங்காலும் ஏற்கத்தக்கது. புத்தளத்திலிருந்து தெற்கே கரைவழி வருவோர்க்கு முந்தல், பின் உடப்பு, பின் தெதுறு ஓயா, அதன்பின் சிலாபம் என்பதே இன்றும் வரிசை. அவ்வாறாயின், 1344 இல் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆணை முந்தலளவில் நின்றது. சிலாபம் அதற்கு அப்பாற்பட்டது. முந்தலுக்கும் சிலாபத்துக்கும் இடையே இயற்கையிட்ட எல்லை தெதுறு ஓயாவன்றி வேறில்லை. அவ்வாறே அக்காலத்து எல்லையாய் இருந்ததென்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. ஆயினும் பொருத்தமான ஊகம்.

இதன் பெறுமதி, இதனைப் பின்வந்த நூலோடு வைத்து நோக்கும்போதே புலனாகும். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நிகாய சங்கிரகம் என்னும் சிங்கள நூல், அழகக்கோனார் கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களிலிருந்த ஆரியச்சக்கரவர்த்தியின் பாளையங்களை அழித்தமையைக் கூறுகின்றது. அழிப்பதற்குப் பாளையம் இருந்தாக வேண்டும். ஆகவே இபுன் பதூதா சென்றபின், ஒரு தலைமுறைக்குள்ளாகவே, யாழ்ப்பாண அரசின் படையும் வரி அதிகாரமும் தெதுறு ஓயாவைக் கடந்து சிலாபத்தையும், அதற்குத் தெற்கே கொழும்புவரையும் சென்று, மீண்டும் பின்வாங்கின. கேகாலைப் பகுதியிற் கிடைத்த கோட்டகமத் தமிழ்க் கல்வெட்டு சிங்கையாரியனின் வெற்றியைப் பாடுவதும் இவ்விரிவையே காட்டும். யாழ்ப்பாண அரசின் எல்லை எக்காலத்தும் ஒன்றேயாய் இருந்தது போன்ற வரைபடங்களை நாம் கரும்பலகையில் எழுதுகின்றோம். தெற்கே அக்கோடு எங்கே நிற்கும் என்று மாணவர் கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்பதே முறை.

பாதமலையிலிருந்து இறங்கிய இபுன் பதூதா தேவந்துறை, காலி, கொழும்பு வழியாகச் சுற்றி, மூன்று நாளிற் புத்தளத்தை அடைந்தார். கொழும்பிலிருந்து கரைவழியே வந்தாராயின் சிலாபத்தை இரண்டாம் முறையும் கடந்திருத்தல் வேண்டும். பெயரை மீளக் கூறவில்லை. நாகுதா சொன்ன சொல் தவறாது காத்திருந்தான். மன்னனிடம் விடைபெற்றுக் கப்பலேறினர்.

ஒரு பகலும் ஓரிரவும் போதும் என்ற அக்கடல் இம்முறை அவர்களை எளிதில் விடவில்லை. காற்று முறுகிற்று, நீர் கப்பலுக்குள் ஏறும் நிலை. பாறையொன்றில் மோதாமல் தப்பி, ஆழமற்ற நீரிலே தரைதட்டி நின்றுவிட்டது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் எறிந்தனர். மாலுமிகள் மரங்களைப் பிணைத்துத் தெப்பம் ஒன்று செய்தனர். கரையோ இரண்டு பர்சங்கு, ஏறக்குறைய ஆறேழு மைல், தொலைவில்.

இவ்விடத்திலேதான் அவருடன் வந்த பெண்கள் இருவரை நாம் முதன்முறை காண்கின்றோம். புத்தளத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னன் கொடுத்த முத்தும், பல்லக்கும், யோகியரின் தொகையும் எழுதியவர், அவ்வளவு நாளும் அப்பெண்கள் எங்கே தங்கினர் என்று எழுதவில்லை. அவர்கள் விலைக்குக் கொள்ளப்பட்ட அடிமைப் பெண்கள். அக்காலத்துப் பெருவழிச் செல்வோர் பலர் வீட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. இபுன் பதூதா தெப்பத்தில் இறங்க முற்பட்டபோது, எம்மை விட்டுப் போவீரோ என அவ்விருவரும் தோழர் இருவரும் கேட்டனர். அவர் தாம் பின்னின்று, தோழரையும் தாம் விரும்பிய பெண்ணையும் இறங்கச் சொன்னார். மற்றவளுக்குத் தெப்பத்தில் இடம் சொல்லப்படவில்லை. அவள் தனக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்றும், தெப்பத்தின் கயிறொன்றைப் பற்றிக்கொண்டு நீந்தி வருவேன் என்றும் சொல்லிக் கடலில் இறங்கினாள். அவ்வாறே கரையும் சேர்ந்தாள். அவள் பெயரை நூல் கூறவில்லை. தெப்பத்திற் சென்ற தோழருள் ஒருவருக்கு மட்டும் தந்தை பெயரோடும் ஊர்ப்பெயரோடும் முழுப்பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. நீந்தத் தெரிந்த அப்பெண் எக்கரையிற் பிறந்தவளோ! கடலோடு பழகாத ஊரினள் அல்லள் என்பது மட்டும் திண்ணம்.

இபுன் பதூதா கப்பலிலேயே நின்றார். நீர் ஏற ஏறப் பின்னணியத்தின் மேல் ஏறி இரவைக் கழித்தார். விடிந்ததும் அக்கரை மக்கள் தம் தோணியில் வந்து எஞ்சியோரைக் கரைசேர்த்தனர். தாம் சுல்தானுக்கு வேண்டியவர் என்று கூறிய இவர்களைக் காட்டிடத்தே தங்கவைத்து, மீனும் ஒரு பழமும் கொடுத்தனர். அப்பழத்தை அவர் வருணிக்கும் முறை நம் நாட்டார்க்குச் சுவை பயப்பது. உருவத்தில் வத்தகைப் பழம் போன்றது. பனையினத்து மரமொன்றிற் காய்ப்பது. உள்ளே பஞ்சு போன்ற நார். அதனிடையே தேன் போன்ற பாகு. அப்பாகை எடுத்து ஒருவகை இனிப்புச் செய்வர். அதற்குப் பெயர் தால். பனம்பழமும் பனாட்டும் அன்றி இது வேறென்ன? பனைக்குத் தாலம் என்னும் பெயர் உண்மையும் நினைக்க. மூன்று நாளின்பின் சுல்தானின் ஆட்கள் குதிரைகளும் ஒரு பல்லக்கும் கொண்டு வந்தனர். பெண்களில் ஒருத்தி பல்லக்கிலும் மற்றவள் குதிரையிலும் செல்ல, ஹர்காத்து என்னும் கோட்டையில் அவ்விருவரையும் விட்டு, இபுன் பதூதா சுல்தானின் பாசறையை அடைந்தார்.

இனி, ஆரியச்சக்கரவர்த்தி கொள்ளைக்காரனா என்னும் வினா. இபுன் பதூதாவே மாபாரில் தாம் கண்ட பிறிதொரு காட்சியைச் சொல்கின்றார். பெரியனவும் சிறியனவுமாக இம்மன்னனின் நூறு மரக்கலங்கள் ஒரு துறைக்கு வந்தன. அங்கே ஏமன் நாட்டுக்குப் புறப்பட இருந்த சுல்தானின் எட்டுக் கப்பல்களைக் காக்க ஆட்கள் திரட்டப்பட்டனர். அதனைக் கண்டதும் வந்தவர்கள், ஏமனுக்குச் செல்லும் தங்கள் கப்பல்களுக்குத் துணையாகவே வந்தோம் என்றனராம். இக்கதையை ஆரியச்சக்கரவர்த்தியின் பெருமைக்கு மட்டும் எடுத்துக்காட்டுவோரும், இழுக்குக்கு மட்டும் காட்டுவோரும் நம்மிடையே உண்டு. இரண்டும் அரைவாசிப் படிப்பு. ஏமன்வரை வாணிகம் நடத்திய அரசு தன் கப்பலைக் காக்கவும் பிறர் கப்பலை மடக்கவும் ஒரே கடற்படையை வைத்திருந்தது. வாய்ப்பு எப்பக்கம் இருந்ததோ அப்பக்கம் அது திரும்பிற்று. அக்காலத்துக் கடலரசுகள் பலவும் அவ்வாறே நடந்தன. அபயம் என்று ஒருமுறை கொடுத்தபின் அதனைக் காத்தான் என்பது புத்தளத்தில் அக்குடும்பம் கண்ட உண்மை.

சிலாபக் கரைக்கு வந்த குடும்பங்களுள் இது எழுத்திலேறிய ஒன்று. எழுதப்படாதன எத்தனையோ. இராமநாதபுரக் கரையிலிருந்து தோணிகளில் வந்தவர்கள் தம் முன்னோர் என்பது உடப்பு மக்களின் செவிவழி மரபு. திரௌபதியம்மன் கோயிலையும் தமிழையும் அவர்கள் இன்றும் காத்து வருகின்றனர். அவர்கள் கடந்ததும் அதே கடல்தான்.

புத்தளத்து மன்னன் கொடுத்த மணிகள் யாதாயின எனில், இபுன் பதூதா மதுரையை நீங்கிப் பின்னர்க் கொல்லத்திலிருந்து வடக்கே மரக்கலத்திற் சென்றபோது, ஒன்னாவரை அண்மிய கடலிற் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. இலங்கை அரசன் கொடுத்த மணிகளும், உடையும், வழியுணவும் யாவும் பறிபோயின. காற்சட்டை ஒன்றோடு கரையில் விட்டனர். அங்கிருந்து கோழிக்கோடு சென்றார். தாம் விட்டுவந்த மனைவி ஒருத்திக்கு ஆண்குழந்தை பிறந்த செய்தியை முன்னரே கேட்டிருந்த அவர், மீண்டும் மாலைதீவுக்குக் கப்பலேறினார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. தாய் பிரிய மனமின்றி அமைச்சரிடம் முறையிட்டாள். இபுன் பதூதா குழந்தையைப் பார்த்துவிட்டு, அவளிடமே விடுதல் நன்று எனக் கண்டு, வங்காளத்துக்குப் புறப்பட்டார்.